மலைச் சபையில் பாட்டு நடத்த வருகிறவர்களுக்கு

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் நடுவே இருக்கும் ஒரு சிறிய சபையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஞாயிறு ஆராதனைப் பாடல்களை நடத்தி வருகிறேன். சமவெளியிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரிப் படிப்பை முடித்து ஊர் திரும்பும் இளைஞர்கள் என்று ஆண்டுக்கு ஒருவராவது இந்தப் பணியில் சேர விரும்பி வருகிறார்கள். அவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சபையார் வாய் திறந்து பாடினார்களா என்பதை வைத்தே பாட்டு நடத்துகிறவரின் வேலையை அளக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள வழிமுறைகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் மாதம்: கடைசி பெஞ்சு

வந்தவுடன் மைக்கைக் கையில் வாங்காதீர்கள். முதல் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சபையார் பாடுவதைக் கேளுங்கள். எந்தப் பாட்டைப் புத்தகம் திறக்காமலே பாடுகிறார்கள், எந்தப் பாட்டில் ஆண்கள் பக்கம் அடங்கிப்போகிறது, எந்த இடத்தில் இழுத்துப் பாடுகிறார்கள், யாருடைய குரலைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் பாடுகிறார்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாளாகும். மைக் இல்லாமலே பாட்டை இழுத்துச் செல்கிற ஒருவர் ஒவ்வொரு சபையிலும் பெஞ்சில் இருப்பார். எங்கள் சபையில் அவர் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி. அவர் மூச்செடுக்கும் இடத்தில்தான் இடது பக்கத்து மூன்று பெஞ்சுகளும் மூச்செடுக்கும். கீபோர்டு எங்கே நின்றாலும் அந்தப் பெஞ்சுகள் அவர் நிற்கிற இடத்தில்தான் நிற்கும்.

மலைச் சபைகளில் ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று மெட்டுகள் இருப்பதையும் இந்த மாதத்தில் கவனிப்பீர்கள். 1964 ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேலை தருவதற்காக 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. இலங்கை மலையகத்துத் தோட்டச் சபைகளில் கற்றுக்கொண்ட மெட்டோடு வந்தவர்களும் அவர்களில் உண்டு. கேத்திப் பக்கம் போனால் படுக மொழி பேசும் கிறிஸ்தவக் குடும்பங்களும், கூடலூர்ப் பக்கம் போனால் மலையாளம் பேசுகிறவர்களும் சபையில் கலந்திருப்பார்கள். உங்களுக்குத் தெரிந்த மெட்டுதான் சரியானது என்று முதல் வாரத்திலேயே திருத்தத் தொடங்கினால், ஐம்பது ஆண்டுகளாக ஒரு குடும்பம் காப்பாற்றி வந்த பாட்டைப் பிழை என்று சொன்னவராகிவிடுவீர்கள். எது பெரும்பாலோர் பாடுகிற மெட்டு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதைக் கற்றுக்கொள்ளுங்கள். மற்ற மெட்டை அதை அறிந்தவர்களே ஒரு விசேஷ நாளில் பாடும்படி கேட்டுக்கொள்ளலாம்.

உங்களுக்கு முன்னால் பாட்டு நடத்தியவர் உயிரோடிருந்தால், நான்காவது வாரத்துக்குள் அவர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தப் பாட்டை இந்தச் சபையில் யாருக்காகப் பாடக்கூடாது? மகனை இழந்த வீட்டார், அந்த அடக்க ஆராதனையில் பாடிய பாட்டைச் சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் கேட்க நேர்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்கள். இது எந்தப் புத்தகத்திலும் அச்சிடப்பட்டிருக்காது.

பாடல் தேர்வு

செவ்வாய்க்கிழமைக்குள் ஆயரைப் பார்த்து, அந்த வாரத் திருமறைப் பகுதிகளையும் அருளுரையின் மையக் கருத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். திருவருகைக் காலமா (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்), லெந்து நாட்களா (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்), அறுப்பின் பண்டிகையா என்று பார்த்துக்கொண்டு பிறகு புத்தகத்தைத் திறவுங்கள்.

கைக்கு மூன்று வகைப் பாடல்கள் கிடைக்கும். பாமாலை என்னும் பாட்டுப் புத்தகத்தில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை ஐரோப்பியத் துதிப்பாடல்களின் மெட்டில் தமிழ்ச் சொற்களை அமைத்தவை. சோல்ஃபா முறையில் (டோ, ரே, மி என்று சுரத்தை எழுதும் மேற்கத்திய முறை) நான்கு குரல்களாகப் பாடப் பழகிய பாடகர் குழு இருந்தால் அவை தனி அழகு பெறும். கீர்த்தனைகள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் வந்தவை. இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் பெரும்பாலான கீர்த்தனைகளின் தலைப்பில் அச்சிடப்பட்டிருக்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் வளர்த்த மரபு இது. மூன்றாவது வகை, கிட்டாரோடும் கீபோர்டோடும் இளைஞர்கள் விரும்பிப் பாடுகிற இக்காலத் துதிப்பாடல்கள். ஒரு ஞாயிறுக்கு ஐந்து பாடல்கள் என்றால், இரண்டு கீர்த்தனை, ஒரு பாமாலை, ஒரு துதிப்பாடல் என்று வைத்துக்கொண்டு, ஐந்தாவதை அந்த நாளின் தேவைக்கு விட்டுவிடுவது என் வழக்கம். புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அந்த ஒன்றையும் தொடர்ந்து மூன்று வாரங்கள் பாடினால்தான் அது சபையின் பாட்டாகும்.

எழுத்து வாசிக்கத் தெரியாத முதியவர்கள் எங்கள் சபையில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் நெஞ்சில் இருப்பவைதான். திரையில் வரியைப் போட்டுவிட்டால் எல்லோரும் பாடிவிடுவார்கள் என்று எண்ணிப் புதுப் பாட்டுகளை அடுக்கிக்கொண்டே போனால், அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியதற்குச் சமம். புதுப் பாட்டைக் கற்றுக்கொடுக்கும் வாரத்தில் வரிக்கு வரி நீங்கள் முதலில் பாடி, சபையாரைத் திருப்பிப் பாடச் செய்யுங்கள். பழைய முறை என்று சிலர் சலித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முறையில்தான் அந்த முதியவர்கள் கீர்த்தனைகளையே கற்றார்கள்.

பாட்டைத் தேர்ந்தபின், இசையை விட்டுவிட்டு வரிகளை மட்டும் மூன்று முறை உரக்க வாசியுங்கள். 'கருத்தோடும் பாடுவேன்' என்று பவுல் எழுதியதை (1 கொரிந்தியர் 14:15) இந்த இடத்தில்தான் நான் நினைத்துக்கொள்வேன். மூச்சு எங்கே எடுப்பது என்பது கருத்தைப் பொறுத்தது. 'பாவமில்லாதவர்' என்ற சொல்லைப் 'பாவம்' என்று நிறுத்தி, மூச்செடுத்து, 'இல்லாதவர்' என்று தொடர்ந்தால் என்ன பொருள் வருகிறது பாருங்கள். மொழிபெயர்ப்புப் பாடல்களில் மெட்டின் நிறுத்தமும் தமிழ்ச் சொல்லின் நிறுத்தமும் பல இடங்களில் ஒத்துவராது. அப்படிப்பட்ட இடங்களைப் பென்சிலால் வளைத்துவைத்து, எங்கே மூச்செடுப்பது என்று பயிற்சி நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

சுருதி

புதிதாக வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தவறுவது இங்கேதான். நானும் தவறியிருக்கிறேன். நான் பாட்டு நடத்தத் தொடங்கிய இரண்டாவது ஆண்டில், அறுப்பின் பண்டிகை ஆராதனைக்கு ஒரு கீர்த்தனையை என் குரலுக்கு எடுப்பாக இருக்கும் சுருதியில் வைத்தேன். பல்லவியைச் சபை முழுவதும் நன்றாகவே பாடியது. அனுபல்லவி மேல் ஷட்ஜத்தை (மேல் ஸ்தாயியின் 'ச') தொட்டபோது ஆண்கள் நின்றார்கள். இரண்டாவது முறை பெண்களும் நின்றார்கள். நானும் பாடகர் குழுவில் இரண்டு பேரும் மட்டும் பாடிக்கொண்டிருந்தோம். நான் முன்பு சொன்ன அந்தப் பாட்டி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, உறையில் போட்டு, உறையைப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுக் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். முகத்தில் கோபமில்லை. தனக்கு அங்கே வேலையில்லை என்று தெரிந்துகொண்டவரைப் போல அமைதியாக உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்து அவரிடம் போனபோது, "தம்பி, அது ஒனக்குத்தான் எட்டுது," என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் அதே கீர்த்தனையை இரண்டு கட்டை (சுருதியை அளக்கும் கணக்கு) இறக்கி வைத்தேன். என் குரலுக்கு அது மந்தமாக இருந்தது. அவர் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

அதனால் சுருதியை இப்படித் தீர்மானியுங்கள். பாட்டின் முதல் சுரத்தைப் பார்க்காமல், உச்சிச் சுரம் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். கீர்த்தனைகளில் அது பெரும்பாலும் அனுபல்லவியிலோ சரணத்தின் இரண்டாம் பாதியிலோ இருக்கும். பயிற்சி பெறாத ஒரு சபை நோகாமல் எட்டக்கூடிய உச்சி, பெண்களுக்கு நடு சி-க்கு (கீபோர்டின் நடுவிலுள்ள சி) மேலே வரும் அடுத்த ஸ்தாயியின் சி அல்லது டி. ஆண்களுக்கு அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. கீழ்ப்பக்கம் நடு சி-க்குக் கீழுள்ள ஏ வரை போகலாம். பாட்டின் உச்சி டி-யைத் தாண்டாதபடி சுருதியை இறக்குங்கள். கட்டைக் கணக்கில் சொன்னால் சி ஒரு கட்டை, டி இரண்டு கட்டை, ஜி ஐந்து கட்டை. தனியாகப் பாடும் பெண்களுக்கு ஐந்து கட்டை இயல்பாக இருக்கலாம். சபை முழுவதும் பாடும் கீர்த்தனையை ஐந்து கட்டையில் வைத்தால், மேல் ஷட்ஜம் ஆண்களுக்கு எட்டாத ஜி-யில் போய் நிற்கும். ஏழு மணி ஆராதனை என்றால் இன்னும் அரைக் கட்டை குறைத்துவிடுங்கள். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், மார்கழிக் காலையில், ஒரு மைல் மேடேறி நடந்து வந்தவரின் தொண்டை அந்த நேரத்துக்குத் திறந்திருக்காது.

பயிற்சி நாள்

எங்களுக்குச் சனிக்கிழமை மாலை பயிற்சி. மாலை ஆறு மணிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இருட்டும் நேரத்தில் தேயிலைக்குள் காட்டெருமை இறங்கும், கரடியும் நடமாடும். பாடகர் குழுவில் உள்ள பெண்கள் அந்த வழியாகத்தான் லைன் வீடுகளுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) திரும்ப வேண்டும். இன்னும் ஒரு முறை பாடிப் பார்த்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும்போது, வெளியே வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கடைசி ஆள் வீடு சேர்ந்தாயிற்று என்று ஃபோன் வந்தபிறகுதான் என் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு. கொழுந்து மிகுதியாக வரும் மாதங்களில் பாதிப் பேர் பயிற்சிக்கு வரமாட்டார்கள். நாள் முழுவதும் நின்று பறித்த கால்கள் மறுபடி மேடேற மறுக்கும். வராதவர்களைப் பெயர் சொல்லிக் கேட்காமல், அந்த மாதங்களுக்கு எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியின் முதல் பத்து நிமிடம் வாயை மூடி முனகும் பயிற்சி, பிறகு சரளி வரிசை (ஆரம்பச் சுரப் பயிற்சி) ஒன்றாம் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில். குளிரில் நேரே உச்சிச் சுரத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் தொண்டை கட்டும். பிறகு வரிகளை வாசிப்பது, தாளம் போட்டுச் சொல்வது, அதன்பின் பாடுவது என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

சுருதி சேராத குரல் ஒன்று எந்தக் குழுவிலும் இருக்கும். அவரை நீக்கச் சொல்லி மற்றவர்கள் உங்களிடம் வருவார்கள். எனக்கும் அப்படி ஒரு நெருக்கடி வந்தது. மனைவியை இழந்த ஒருவர், வீட்டில் தனியாக இருக்க முடியாமல் குழுவில் சேர்ந்திருந்தார். அவர் குரல் எப்போதும் கால் சுரம் கீழே தொங்கும். அவரை உறுதியான குரல் உள்ள ஒருவருக்கு வலப்பக்கம், தோளோடு தோள் உரசும்படி நிறுத்தினேன். எந்த மைக்குக்கும் அருகில் விடவில்லை. பயிற்சியில் அவரைத் தனியாகப் பாடச் சொன்னதும் இல்லை. ஓராண்டில் குரல் முழுவதும் சேர்ந்துவிடவில்லை, பாதி சேர்ந்தது. அவர் இன்றும் வருகிறார். திருத்த வேண்டியதை எப்போதும் குழு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லுங்கள். தனி ஆளிடம் சொல்லியே ஆக வேண்டுமென்றால், புத்தகங்களை அடுக்கும் நேரத்தில் அருகில் போய் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை

ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து வாத்தியங்களைக் கோயிலின் குளிருக்குப் பழக விடுங்கள். மலையின் தட்பவெப்பம் ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒவ்வொரு விதமாக மாற்றும். கிட்டாரின் இரும்புக் கம்பி குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும். வாசிக்க வாசிக்கக் கைச்சூட்டில் இறங்கும். புல்லாங்குழல் இதற்கு நேர்மாறு. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்வதால், வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் குழலின் சுருதி ஒரு அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். கீபோர்டு மாறவே மாறாது. ஆக, மூன்றையும் சேர்த்து வாசிக்கும்போது கேட்கும் கரகரப்புக்கு வாசிக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. குழல் வாசிப்பவர் ஐந்து நிமிடம் ஓசையில்லாமல் சூடான மூச்சை ஊதட்டும். கிட்டார்க்காரர் பத்து நிமிடம் வாசித்துவிட்டு அதன்பின் சுருதி சேர்க்கட்டும். தபலா, மிருதங்கத்தின் தோல் பனியிலும் மழையிலும் ஈரம் இழுத்துத் தளர்ந்துவிடும். ஆகவே அவற்றைச் சுவரோரம் வைக்காமல் துணி உறையில் உயரமாக வையுங்கள். ஆர்மோனியப் பெட்டிக்கு உள்ளே ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவைத்தால் ஒலி எழுப்பும் பித்தளை நாக்குகளில் களிம்பு பிடிப்பது குறையும்.

கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் எண் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் போனால் எப்படித் தொடர்வது என்பதைக் குழுவுடன் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன்: கடைசி பெஞ்சில் நின்று கேட்டால் உங்கள் குரலைவிடச் சபையின் குரல் பெரிதாகக் கேட்க வேண்டும், அதுவரை குறைத்துக்கொண்டே வாருங்கள். நீங்களும் பாடகர்களும் குடிக்க ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கட்டும்.

ஆராதனை நேரத்தில்

பாட்டின் எண்ணை இரண்டு முறை, தெளிவாக, நிறுத்திச் சொல்லுங்கள். முதியவர்கள் பக்கம் திருப்ப நேரம் கொடுங்கள். முன்னிசை முடியும் இடத்தில் கையை உயர்த்தி, எல்லோரும் மூச்செடுப்பது கண்ணுக்குத் தெரியும்படி நீங்கள் மூச்செடுத்தால், தொடக்கம் தானாகச் சேர்ந்துவிடும். பாட்டுகளுக்கு நடுவே பேசாதீர்கள். அருளுரை ஆயருடையது. சபை பாடத் தொடங்கிவிட்டது என்று உறுதியானதும், மைக்கிலிருந்து ஒரு அடி பின்னால் நகருங்கள். கடைசிச் சரணத்தில் வாத்தியங்களை முழுவதும் நிறுத்திவிடலாம். அந்த ஒரு சரணத்தில் தங்கள் குரலைத் தாங்களே கேட்ட சபை, அடுத்த பாட்டை இன்னும் துணிந்து பாடும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தகரக் கூரையின் மேல் மழை விழுந்தால் மைக்கும் உதவாது. அந்த நேரத்தில் ஒலியைக் கூட்டப் பார்க்காதீர்கள். எல்லோருக்கும் மனப்பாடமான கீர்த்தனை ஒன்றை எடுத்துக்கொண்டு, கைத்தாளம் பெரிதாகத் தெரியும்படி போட்டு, சபையின் நடுப்பாதையில் நடந்துகொண்டே பாடுங்கள். காதுக்கு எட்டாததைக் கண் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். மழை அடங்கிய பின் புத்தகத்துக்குத் திரும்பலாம்.

கோயிலுக்கு வெளியே

வாரத்தில் ஒரு மாலையாவது நோயாளி இருக்கும் வீட்டில் பாடுவதற்கு ஒதுக்குங்கள். மூன்று பேர் போதும், வாத்தியம் வேண்டாம். படுத்திருப்பவரிடம் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டு, அதை அவர் முணுமுணுக்கக்கூடிய சுருதியில், இரண்டு சரணம் மட்டும் பாடிவிட்டு, அவர் பேச விரும்பினால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். மருந்து வாங்க ஆள் இல்லை, குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் துணை இல்லை என்பதெல்லாம் அந்த உட்காரலில்தான் தெரியவரும். அதை அன்றே ஆயரிடமும் சபைக் கமிட்டியிடமும் சொல்லி ஏற்பாடு செய்வதும் பாட்டு நடத்துகிறவரின் வேலைதான் என்று நான் கருதுகிறேன். ஏனென்றால் வீட்டு வாசல் உங்களுக்குத் திறந்தது பாட்டுக்காக.

துக்க வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். ஒலிபெருக்கி எடுத்துப் போகாதீர்கள். லைன் வீட்டின் முன்னறை ஆறு பேருக்கு மேல் கொள்ளாது. ஆகவே குழுவினர் வாசலில் நின்று பாடட்டும். என்ன பாடுவது என்பதை வீட்டாரில் ஒருவரிடம் கேளுங்கள். சொல்லும் நிலையில் அவர்கள் இல்லையென்றால், இறந்தவர் வழக்கமாகக் கேட்டுப் பாடிய பாட்டு உங்கள் நோட்டில் இருக்கும். அழுகை பெரிதாகும்போது குரலை உயர்த்திப் போட்டி போடாமல், பாட்டை முனகலாக இறக்கி, அழுகை தணியும் வரை பல்லவியிலேயே நின்றுகொள்ளுங்கள். ஒரு முறை, விடியற்காலை மூன்று மணிக்கு, பாடத் தெரிந்தவர்கள் எல்லோரும் களைத்துப்போன நேரத்தில், இறந்தவரின் மகளே வாசலுக்கு வந்து எங்களோடு நின்று சரணத்தை எடுத்தாள். நாங்கள் குரலைக் குறைத்துக்கொண்டோம். அவள் பாடி முடித்துவிட்டு உள்ளே போய் அம்மாவின் அருகில் படுத்தாள்.

அடுத்தவருக்கு

ஓராண்டு முடிந்ததும், மாதத்தில் ஒரு ஞாயிறை உங்களைவிட இளையவர் ஒருவரிடம் கொடுங்கள். அன்று நீங்கள் மறுபடியும் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். அவர் தடுமாறும்போது எழுந்து போகாதீர்கள், பெஞ்சிலிருந்தபடியே கொஞ்சம் உரக்கப் பாடுங்கள். சபை அவரைத் தூக்கிக்கொள்ளும். அன்றே அவரிடம் குறைகளைச் சொல்ல வேண்டாம், செவ்வாய்க்கிழமை ஆயரைப் பார்க்கப் போகும் வழியில் சொன்னால் போதும்.

முதல் மாதத்தில் தொடங்கிய நோட்டை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பாட்டின் எண், எந்தக் கட்டையில் சபை நோகாமல் பாடியது, எந்த வீட்டாருக்கு எந்தப் பாட்டு, எதை எந்த வீட்டார் முன்னால் பாடக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அந்தரங்கமான குறிப்புகளைக் கடைசிப் பக்கங்களில் தனியாக எழுதி, ஆயரைத் தவிர வேறு யாரிடமும் காட்டாதீர்கள். கட்டையை மட்டும் பென்சிலில் எழுதுங்கள். இன்று இரண்டு கட்டையில் பாடுகிற சபை, பத்தாண்டு கழித்து ஒன்றரைக் கட்டையில்தான் பாடும். அப்போது நோட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு அழித்து எழுத இடம் இருக்க வேண்டும்.